பத்து மணிக்குப் பிறகு யாருடைய பிள்ளை

முப்பத்துநான்கு வயதில் ஓய்வுபெற்றேன் என்று எழுதினால் சிரிப்பீர்கள். டென்மார்க்கில் மனிதர்கள் எழுபதை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை விடுகிறார்கள். ஆனால் தெருவில் நிற்கும் பிள்ளைகளோடு பழகும் தெருப்பணியாளனுக்குச் சட்டத்தில் எழுதாத ஒரு வயதெல்லை உண்டு. பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் பதினான்கு வயதுக்காரன் உங்களைக் கண்டதும் சிகரெட்டை ஒளித்தால் நீங்கள் இன்னும் வேலைக்கு ஆவீர்கள். ஒளிக்காமல், எழுந்து உங்களுக்கு இருக்க இடம் தந்தால் கதை முடிந்தது. போன வருடம் எனக்கு ஒருவன் இடம் தந்தான். அடுத்த மாதமே விலகல் கடிதத்தைக் கொடுத்தேன். இப்போது ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பகல்நேர ஆலோசகன்.

போன கிழமை என் பழைய இடத்தில் வேலை செய்யும் சோஃபியே தொலைபேசியில் அழைத்தாள். "அந்த யோசனை திரும்ப வந்திருக்கிறது" என்றாள். எந்த யோசனை என்று நான் கேட்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பிறகு பதினாறு வயதுக்குக் குறைந்த எவரும் பெரியவர் துணையில்லாமல் வெளியில் நிற்கக் கூடாது என்ற யோசனைதான். "உங்கள் காலத்தில் அது எப்படி நின்றது? ஏதாவது ஆவணம் இருக்கிறதா?"

"இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி பொய்."

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். அப்பா ஐந்தாம் வகுப்பு, அம்மா அதிலும் ஒன்று குறைவு. அப்பா இக்காஸ்ட் ஊரில் துணி ஆலையில் தொடங்கி, ஆலை மூடியபின் பிராண்டேயில் காற்றாலைக்கு இறகு செய்யும் தொழிற்சாலைக்குப் போனவர். மூன்றரை வருடம் சமூகக் கல்வி படித்து முடித்து, கொமூன என்று நாங்கள் சொல்லும் நகராட்சியில் எனக்கு வேலை கிடைத்தபோது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன வேலை தம்பி?"

"பொடியளோட தெருவிலை நிண்டு கதைக்கிற வேலை அப்பா."

அப்பா தேநீரை ஒரு மிடறு குடித்தார். "சந்தியிலை நிக்கிறதுக்கு மூண்டரை வருஷம் படிச்சனியோ? எங்கட ஊரிலை படிக்காமலே நிண்டவங்கள்." உறவினர்களிடம் அவர் இன்றுவரை சொல்வது 'நகராட்சி அதிகாரி' என்றுதான்.

வேலை எந்த ஊரில் என்று சொல்லப் போவதில்லை. இக்காஸ்டிலிருந்து காரில் போகும் தூரம். ஒரு ரயில் நிலையம், இரண்டு பேக்கரி, நிறைய எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். இரவு ஒன்பதரைக்கு அப்பா அழைப்பார். "வந்திட்டியோ?" இரவில் வெளியில் நிற்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று பத்து வருடமாகச் சொல்லியும் அவர் நம்பவில்லை. ஊரடங்குச் சட்டம் என்றால் என்ன என்று நான் முதலில் அனுபவித்தது என் சொந்த வீட்டில், இருபத்தைந்து வயதில்.

என் மேலதிகாரி பிர்த்தே. ஐம்பத்தெட்டு வயது, ஆறடி உயரம். மதியம் பன்னிரண்டுக்குப் பேக்கரிக் கறுப்புப் பாண் இரண்டு துண்டு, ஒன்றில் ஈரல் பூச்சு, ஒன்றில் மீன். பாண் முடியும்வரை யாரோடும் பேசமாட்டாள். முடிந்ததும் பேசுவது மூன்று வசனம். நான் எழுதிக் கொடுத்த முதல் அறிக்கை பதினோரு பக்கம். அவள் அதைத் தூக்கிப் பார்த்து எடை மதிப்பிட்டாள். "இதில் பிள்ளை எந்தப் பக்கத்தில் வருகிறான்?" என்று கேட்டாள். ஒன்பதாம் பக்கத்தில் வந்தான்.

அவள் எனக்குச் சொல்லித்தந்த நடைமுறை இது. ஒரு பிள்ளையை நேருக்கு நேர் பார்த்து நிற்காதே. பக்கத்தில் நின்று, அவன் எதைப் பார்க்கிறானோ அதையே நீயும் பார். கையைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடு. 'ஏன் வீட்டுக்குப் போகவில்லை' என்று கேட்காதே, அது பொலிஸின் கேள்வி. 'எவ்வளவு நேரமாக நிற்கிறாய்' என்று மட்டும் கேள். பத்து நிமிடம் என்றால் பொழுதுபோக்கு. மூன்று மணி நேரம் என்றால் வீட்டில் ஏதோ இருக்கிறது.

முதல் மாதம் இதை அப்படியே செய்தேன். ஒருத்தன் பார்த்துக்கொண்டிருந்த சுவரை நானும் இருபது நிமிடம் பார்த்தேன். கடைசியில் அவன் "உனக்கு உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டான். அப்படித்தான் பழக்கமானோம்.

லீனேயை நான் சந்தித்தது துணி தோய்க்கும் கடையில். ரயில் நிலையத்துக்கு எதிரே, காசு போட்டால் இயந்திரம் ஓடும் கடை. வெளிச்சம், சூடு, நான்கு பிளாஸ்டிக் கதிரை, இரவு முழுதும் திறந்திருக்கும். (லீனே அவளுடைய உண்மைப் பெயரல்ல. இதை எழுதலாமா என்று கேட்டபோது சம்மதித்து, பெயரையும் அவளே தெரிவு செய்தாள். முன்பு தெரிவு செய்த பெயர் ஒரு நாயின் பெயர் என்பதால் நான் மறுத்துவிட்டேன்.) பதினைந்து வயது, மணல் நிற முடி, பெரிய தொப்பிச் சட்டை. இயந்திரத்துக்குள் ஒரே ஒரு நீலத் துவாய் சுற்றிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்து நானும் துவாயைப் பார்த்தேன்.

"எவ்வளவு நேரமாக இருக்கிறாய்?"

"இரண்டு தோய்ப்பு" என்றாள்.

ஒரு தோய்ப்பு நாற்பத்தைந்து நிமிடம். துவாய் தோய்கிறவரை அவள் வாடிக்கையாளர், யாரும் எழுப்ப முடியாது. அதற்காகத்தான் துவாய். டென்மார்க்கிலேயே மிகச் சுத்தமான துவாய் அதுவாகத்தான் இருக்கும். அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை. அம்மாவோடு இருந்த மனிதன் வெள்ளி, சனியில் குடிப்பான். குடித்தால் கதவுகளோடு சண்டை. கதவுகள் முடிந்தபின் என்ன என்று அவள் சொல்லவில்லை. நான் துவாயைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்றே பிர்த்தேயிடம் சொன்னேன். அடுத்த நாள் முறைப்படி அறிக்கை போனது, இரண்டு கிழமையில் இன்னொன்று. நகராட்சியின் குடும்பப் பிரிவில் ஒரு கூட்டத்துக்குச் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள். சட்டம் அசையும், எங்கள் ஊர் ரயில் மாதிரி, வரும் என்று பலகையில் போட்டிருக்கும்.

ஊரடங்கு யோசனை பிறந்தது இதற்கு நடுவில்தான். நகரசபை உறுப்பினர் ஹென்னிங், குளியலறை ஓடு விற்கும் கடை வைத்திருப்பவர். பேருந்துத் தரிப்பின் கண்ணாடியை இரவில் யாரோ உடைத்துவிட்டார்கள், அதிலிருந்து தொடங்கினார். ஹென்னிங் கெட்ட மனிதரல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் தன் கையால் செய்த கறுவாப்பட்டைக் கேக் கொண்டுவருவார். பிள்ளைகளுக்கு நல்லது செய்வதாகத்தான் மனதார நம்பினார்.

அவருடைய முதல் வரைவில் 'இருட்டியபின்' என்று இருந்தது. பிர்த்தே பாணை முடித்துவிட்டு விளிம்பில் எழுதினாள்: 'டிசம்பரில் நாலு மணிக்கு இருட்டிவிடும். கைப்பந்துப் பயிற்சியை ரத்துச் செய்வதா? ஜூனில் இருட்டவே மாட்டாது. ஜூனை ரத்துச் செய்வதா?' இரண்டாம் வரைவில் பத்து மணி ஆனது. இதை ஊர் தானாகச் சட்டமாக்க முடியாது, கோப்பன்ஹேகன் அரசிடம் பரீட்சார்த்த அனுமதி கேட்கவேண்டும். கேட்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆகவே ஒரு சனிக்கிழமை இரவு ஒத்திகை வைப்பது என்று முடிவு. மஞ்சள் மேலங்கி போட்ட தொண்டர்கள் சுற்றி வருவார்கள். பத்துக்குப் பிறகு தனியாக நிற்கும் பிள்ளையைக் கண்டால் ஒரு படிவம். வயது, இடம், காரணம். பிறகு இரண்டில் ஒன்று: அங்கேயே பொறுப்பான பெரியவர் ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும், இல்லையென்றால் பிள்ளையைக் காரில் ஏற்றி வீட்டு வாசலில் ஒப்படைக்கவேண்டும்.

"வீட்டு வாசலில்" என்று பிர்த்தே அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். "எல்லா வாசலும் உள்ளேதான் திறக்கும். உள்ளே என்ன என்று படிவத்தில் பெட்டி இல்லை."

நான் பதினோரு பக்கத்தில் சொல்லவிருந்த எதிர்ப்பு அது. வெளியில் நிற்கும் பிள்ளை ஆபத்து, வீட்டில் இருக்கும் பிள்ளை பாதுகாப்பு என்று இந்தச் சட்டம் நினைக்கிறது. பல பிள்ளைகளுக்கு அது சரி. அவர்கள் எப்படியும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சட்டம் தேவையில்லை. மிச்சமாக வெளியில் நிற்கும் ஒருத்திக்கு இது ஒரே வேலையைத்தான் செய்யும்: துவாயைப் பாதியில் நிறுத்தி, அவளை அந்தக் கதவுக்குத் திருப்பி அனுப்பும்.

எங்கள் ஆட்கள் யோசனையை இரண்டு கையாலும் வரவேற்றார்கள். எங்கள் தமிழ் மன்றத்தின் செயலாளர் நேசன் மாமா. யன்னல் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர், கடிதம் எழுதுவதில் ஓய்வு பெறாதவர். "கடைசியிலை வெள்ளைக்காரனுக்கும் புத்தி வந்திட்டுது" என்று சொல்லி, நகரசபைக்கு இரண்டு பக்கத்தில் ஆதரவுக் கடிதம் எழுதினார். தமிழ்ப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை ஒருபோதும் இரவில் வெளியே விடுவதில்லை என்றும், அந்தப் பண்பாட்டை முழு ஊரும் பின்பற்ற முன்வந்தது மகிழ்ச்சி என்றும் அதில் இருந்தது. அதை நிறைவேற்றிய மன்றக் கூட்டம் இரவு பதினொன்றேகாலுக்கு முடிந்தது. பிள்ளைகள் அப்போது வெளியில் கார்களுக்கு நடுவே ஒளித்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இக்காஸ்டிலிருந்து காரில் வந்து கையெழுத்துப் போட்டவர்களில் என் அப்பாவும் ஒருவர்.

ஒத்திகைக்குக் குறித்த சனிக்கிழமை எங்கள் கலைவிழா. பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். அழைப்பிதழில் மாலை ஐந்து மணி. எங்கள் ஐந்து மணி எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியும். இதை ஹென்னிங்கிடம் சொல்ல மறந்துவிட்டேன். பிர்த்தேயிடமும் அப்படித்தான் சொன்னேன்: மறந்துவிட்டேன்.

"சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

"நிறைய."

"அங்கே ஒரு பிள்ளையை ஏன் வந்தாய் என்று கேட்பார்களா?"

"சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இல்லையென்று சொன்னாலும் சாப்பிட வைப்பார்கள், ஆமென்று சொன்னாலும் வைப்பார்கள்."

பிர்த்தே தன் கைத்தொலைபேசியைத் திறந்து, அன்றிரவு அவசரக் கடமைக்குத் தன் பெயரையே போட்டாள். ஒன்பதேமுக்காலுக்கு நான் துணி தோய்க்கும் கடைக்குப் போய் லீனேயிடம் மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். "நான் தமிழ் இல்லையே" என்றாள். அது ஒரு தடை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பத்து மணிக்கு ஹென்னிங்கும் நானும் புறப்பட்டோம். மஞ்சள் மேலங்கி அவருக்கு அளவாக இருந்தது. எனக்கு முழங்கால்வரை வந்தது. ரயில் நிலையம்: யாருமில்லை. சைக்கிள் கொட்டகை: யாருமில்லை, இப்படி ஒரு இரவு வருகிறது என்று பிள்ளைகளுக்கு மூன்று கிழமையாகத் தெரியும். பேக்கரியின் பின்வாசலில் ஒரு பையன் சைக்கிளை வைத்துக்கொண்டு நின்றான். ஹென்னிங் படிவத்தை எடுத்தார்.

"ஹேய் ஹென்னிங்" என்றான் அவன். "தொப்பியை மறந்துவிட்டுப் போனேன். விடிய ஐந்து மணிக்கு வேலை. உங்களுக்கு வழமையான ஆறு பாணா நாளைக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர் முழுவதும் சாப்பிடும் சூடான பாணைத் தட்டில் அடுக்குவது இந்தப் பதினைந்து வயதுக்காரர்கள்தான். ஹென்னிங் படிவத்தை மடித்து வைத்தார். "ஆறுதான்" என்றார்.

துணி தோய்க்கும் கடைக்குள்ளும் போனோம். நான்கு கதிரையும் வெறுமை. ஒரு இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஹென்னிங் குனிந்து பார்த்தார்.

"ஒரே ஒரு துவாய். யாரோ மறந்துவிட்டார்கள்."

"இருக்கலாம்" என்றேன்.

பத்தேமுக்காலுக்குப் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பினோம். ஹென்னிங் காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். வாகனத் தரிப்பிடம் முழுவதும் பிள்ளைகள். பட்டுப் பாவாடையில், சரிகை வேட்டியில், ஒருத்தி பரதநாட்டிய உடுப்போடும் காலில் சப்பாத்தோடும். ஒருத்தன் பெரியப்பாவின் கார் கூரைமேல் நின்று வாள் சுற்றிக்கொண்டிருந்தான். நாடகத்தில் அவன் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன்.

"இவர்கள் யார்?"

"தமிழ்ப் பிள்ளைகள்."

"ஆதரவுக் கடிதம் எழுதியவர்களா?"

"அவர்களுடைய பிள்ளைகள்."

ஹென்னிங் நேர்மையான மனிதர். படிவக் கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முதல் பையனிடம் வயதைக் கேட்டதும் அவன், "இது போட்டியா? பரிசு என்ன?" என்று டேனிஷில் கேட்டான். பிறகு எல்லோரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். செய்தி உள்ளே போய், நேசன் மாமா பட்டுச் சால்வையோடு ஓடிவந்தார். கையில் இன்னும் ஒலிவாங்கி.

"என்ன தம்பி இது? ஆர் இவர்?"

"ஒத்திகை மாமா. பத்து மணிக்குப் பிறகு வெளியிலை நிக்கிற பிள்ளையளைப் பதியினம்."

"அது எங்களுக்கில்லையே! நாங்கள் ஆதரவு தெரிவிச்சனாங்களெல்லோ!"

ஒலிவாங்கி மூடியிருக்கவில்லை. உள்ளே முந்நூறு பேர் இதைக் கேட்டார்கள். என் அப்பா வெளியே வந்து, மஞ்சள் மேலங்கியையும் படிவத்தையும் வரிசையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப ஊரிலை ஆமிக்காரன் துவக்கோட வந்து வரிசையிலை விட்டான்" என்றார். "இவன் நல்ல மனுசன், பேனையோட வாறான். வரிசை ஒண்டுதான். நான் உதிலையோ கையெழுத்து வைச்சனான்?"

"ஓம் அப்பா."

"வாசிச்சுச் சொல்ல ஒரு படிச்ச பிள்ளை வீட்டிலை இருந்ததெல்லோ?"

நான் மேலங்கியின் ஓரத்தைச் சுருட்டி மடித்தேன்.

ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் விடிந்துவிடும். பொறுப்பான பெரியவர் கையெழுத்திடலாம் என்று ஹென்னிங் சொன்னார். அப்பா அம்மாமார் பாதிப்பேர் மேடைக்குப் பின்னால், மீதிப்பேர் சமையலில். நேசன் மாமா ஹென்னிங்கின் முதுகையே மேசையாக்கிக் கையெழுத்துப் போடத் தொடங்கினார். படிவத்தில் 'பிள்ளைக்கு உறவு' என்று ஒரு கட்டம். ஒவ்வொன்றிலும் 'மாமா' என்பதற்கான டேனிஷ் சொல்லை எழுதினார். பொய்யில்லை, அங்கே நின்ற எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அவரை மாமா என்றுதான் சொல்லும்.

"எல்லோருக்கும் மாமாவா?" என்றார் ஹென்னிங், குனிந்தபடியே.

"நாங்கள் பெரிய குடும்பம்" என்றார் நேசன் மாமா.

வரிசையின் கடைசியில் லீனே. பெரிய தொப்பிச் சட்டைக்கு மேலே யாரோ ஒரு மல்லிகைச் சரத்தைக் குத்தி விட்டிருந்தார்கள், பிளாஸ்டிக் மல்லிகை. கையில் காகிதத் தட்டு, அதில் ரோல்ஸ், வடை, மேலே இன்னொரு ரோல்ஸ். ஹென்னிங் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நேசன் மாமாவைப் பார்த்தேன்.

பேனை நின்றது. "இது ஆரின்ரை பிள்ளை?" என்று மெதுவாகத் தமிழில் கேட்டார்.

"மாமா, இண்டைக்கு இவள் வீட்டை போகக் கூடாது." அதற்குமேல் ஒரு சொல் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளைக் கூட்டிப்போகப் பிர்த்தே வந்துகொண்டிருந்தாள், இருபது நிமிடத் தூரம். கையெழுத்து இல்லையென்றால் ஹென்னிங் தன் சொந்த விதிப்படி அவளைக் காரில் ஏற்றவேண்டும், அவர் விதி பிசகமாட்டார்.

நேசன் மாமா ஊரில் மிகவும் ஒழுங்கான மனிதர். யன்னல் தொழிற்சாலையில் முப்பது வருடம் ஒரு நாள் பிந்தாதவர். நகரசபைக் கடிதத்தில் தவறான காற்புள்ளி போட்டுவிட்டோமோ என்று இரவு எழும்பிப் பார்த்தவர். அவர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவளிடம் டேனிஷில் பெயர் கேட்டு எழுதினார். வயது எழுதினார். உறவு என்ற கட்டத்தில், மற்ற எல்லாவற்றிலும் எழுதிய அதே சொல்லை, அதே எழுத்தில் எழுதினார்.

ஹென்னிங் நிமிர்ந்து, மணல் நிற முடியையும் அவரையும் பார்த்தார்.

"இவளுக்குமா?"

"எங்கட பிள்ளை" என்று தமிழில் சொன்னார் நேசன் மாமா. அவருக்குக் குரல் நடுங்கும்போது டேனிஷ் வராது. பிறகு லீனேயிடம் திரும்பி, "என்ன நிக்கிறாய்? உள்ளுக்கை போ, பாயசம் முடியப் போகுது" என்றார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. உடனே போனாள்.

காரில் ஹென்னிங் சாவியைத் திருப்பாமல் இருந்தார்.

"அந்தப் பிள்ளையை நான் வேறெங்காவது கண்டிருந்தால், வீட்டில் விட்டிருப்பேன்."

நான் இருக்கைப் பட்டியைப் போட்டேன்.

"அது நல்லதாக இருந்திருக்குமா?"

"எனக்குத் தொழில் இரகசியம் இருக்கிறது, ஹென்னிங்."

"அந்தத் துவாய்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். மடியில் இருந்த படிவங்களை ஒழுங்காக அடுக்கினார். அடுக்கி முடிந்தபின்னும் அடுக்கினார்.

பிர்த்தே பதினொன்றரைக்கு வந்து, லீனேயை வைலே நகரில் இருக்கும் அவள் சித்தியிடம் கூட்டிப்போனாள். அதற்குமுன் பிர்த்தே நின்ற நிலையில் நான்கு வடை சாப்பிட்டாள், வழமைபோல் பேசாமல். குடும்பப் பிரிவின் செவ்வாய்க் கூட்டத்துக்குப் பிறகு லீனே வைலேயிலேயே தங்கினாள்.

நகரசபையில் ஒத்திகை அறிக்கை இரண்டு பக்கம். பிடிபட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ எல்லோரும் ஒரே ஒரு மாமாவின் பொறுப்பில் இருந்ததாக அதில் தெரியவந்தது. ஹென்னிங் எழுந்து, யோசனையைத் தான் மீளப்பெறுவதாகச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. கேக் வெட்டினார். அடுத்த வருடம் சைக்கிள் கொட்டகையைச் சுற்றி வேலி போடவேண்டும் என்று வேறொரு யோசனையோடு வந்தார். அது வேறு சண்டை. நேசன் மாமாவும் மூன்று பக்கத்தில் கடிதம் எழுதி ஆதரவைத் திரும்பப் பெற்றார். அதில் கலைவிழா இனிமேல் சரியாக ஐந்து மணிக்குத் தொடங்கும் என்று உறுதி கூறியிருந்தார். அந்த உறுதியை மட்டும் எவரும் நம்பவில்லை.

சோஃபியேயிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்படியென்றால் நான் என்ன செய்ய?" என்றாள். ஆதரிக்கிறவரை ஒரு இரவு படிவத்தோடு வெளியே கூட்டிப்போ, வாசலில் ஒப்படைப்பது என்றால் என்ன என்று அவரே பார்க்கட்டும் என்றேன். பதினோரு பக்கம் எழுதாதே என்றும் சொன்னேன்.

இங்கே பதினெட்டு வயதானால் நகராட்சியில் தங்களைப் பற்றிய கோப்பை எவரும் கேட்டு வாங்கி வாசிக்கலாம். லீனே வாங்கி வாசித்தாள். அதில் அந்தப் படிவமும் இருந்தது. எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: "எனக்கு ஒரு மாமா இருக்கிறாரா?" நேசன் மாமாவின் எழுபதாவது பிறந்தநாள் அழைப்பிதழை அவளுக்கு அனுப்பிவைத்தேன். ஐந்து மணி என்று அதில் அச்சடித்திருந்தது. அவளுக்கு ஒரு எச்சரிக்கை சொல்லியிருக்கவேண்டும்.

நான் ஆறரைக்குப் போனேன். எங்கள் கணக்கில் அது முந்தி. மண்டபம் பூட்டியிருந்தது. வாசற்படியில், மடியில் ஒரு மெத்தென்ற பரிசுப் பொதியை வைத்துக்கொண்டு, வளர்ந்த ஒரு பெண் தனியாக இருந்தாள். நான் பக்கத்தில் போய் இருந்து, அவள் பார்த்துக்கொண்டிருந்த வெற்று வாகனத் தரிப்பிடத்தை நானும் பார்த்தேன்.

"எவ்வளவு நேரமாக இருக்கிறாய்?"

"இரண்டு தோய்ப்பு" என்றாள்.